ஒன்பதாம் நம்பர் மலைக்கு அடியில்

அந்த வெள்ளிக்கிழமை காலை, தொழிலாளர் கூடும் பிரட்டுக் களத்தில் வேலை பிரிப்பதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கையில், புஷ்பம் நிலத்துக்குள் இறக்கியிருந்த ஆறாம் நம்பர் குழாய்க்குள் அளவு நாடாவை மூன்று தடவை இறக்கினாள். நாடாவின் நுனியில் விரல் பருமனில் ஓர் இரும்புக் குண்டு. அது மண்ணுக்கடியில் தண்ணீரைத் தொட்டதும் மேலே கையில் இருக்கும் சக்கரம் கீச்சென்று கத்தும். கத்திய இடத்தில் நாடாவை அசையாமல் பிடித்து, குழாயின் வாய்க்கு நேரே நிற்கும் எண்ணை எழுத வேண்டும். தண்ணீர் எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் அந்த எண். முதல் தடவை நூற்று அறுபத்து நான்கு. குண்டை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். நூற்று அறுபத்து நான்கு. மூன்றாம் தடவையும் அதேதான்.

முந்தைய நாள் காலை அதே குழாயில் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரே இரவில் கிட்டத்தட்ட ஒரு பெண்ணின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மழையோ திங்கட்கிழமை பின்னேரம் பெய்ததோடு சரி. அதற்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. திங்களன்று பெய்த மழைக்கு மற்ற ஐந்து குழாய்களிலும் செவ்வாய் காலையே தண்ணீர் கொஞ்சம் ஏறி, வியாழனுக்குள் இறங்கிவிட்டது. ஆறாம் நம்பர் மட்டும் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒன்றும் தெரியாததுபோல இருந்துவிட்டு, வானம் வெளுத்துக் கிடக்கும் வெள்ளிக்கிழமை பார்த்து ஏறுகிறது. யாராவது வாளியால் ஊற்றியிருப்பார்களோ என்று குழாயின் மூடியைப் பார்த்தாள். வந்து திறந்தபோது பூட்டு அவள் பூட்டியபடியேதான் இருந்தது. சாவி அவளுடைய தாலிக்கொடியோடு ஊக்கில் கோத்துக் கிடந்தது. கொப்பியில் 164 என்று எழுதி, பக்கத்தில் 'மூன்று தரம் பார்த்தது' என்றும் எழுதினாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினாள்.

ஓப்பநாயக்கவுக்கும் பலாங்கொடைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மேலே ஏறும் அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிசனுக்குப் பல்கலைக்கழக ஆட்கள் வந்தது அதற்கு முந்தைய வருடம். பெய்யும் மழை மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது, எத்தனை நாள் தங்குகிறது, எங்கே வெளியே வருகிறது, எந்த மலை ஏன் சரிகிறது என்பதையெல்லாம் அவர்கள் அறிய விரும்பினார்கள். மேற்படிப்புக்காக அந்த ஆராய்ச்சியைச் செய்தவள் சஜீதா, மாவனல்லைப் பக்கத்துப் பெண். தோட்டத்தில் எல்லாரும் அவளை மிஸ் என்றார்கள். மரத்தின் உச்சி இலையிலிருந்து அடியில் இருக்கும் பாறை வரைக்கும் உள்ளதுதான் மனிதர் வாழும் இடம் என்றும், அந்த இடத்தைப் பற்றி மனிதருக்கு மிகக் குறைவாகத்தான் தெரியும் என்றும் அவள் பிரட்டுக் களத்தில் நின்று சொன்னபோது, கணக்கப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துளையிடும் இயந்திரத்தைச் சுமக்க ஆறு பேர் கேட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியாகத்தான் புஷ்பம் போனாள். நான்கு நாள் குழாய் சுமந்தாள். வாய் பேசாமல் சுமந்தாளே தவிர, மண் எந்த ஆழத்தில் சிவப்பாக வந்தது, எந்த ஆழத்தில் சாம்பல் நிறமானது, எங்கே இயந்திரம் கல்லில் பட்டு அலறியது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

தினமும் அளவெடுக்க முதலில் நியமித்தது கணக்கப்பிள்ளையின் மைத்துனனை. அவன் ஐந்து மாதம் ஒரு நாள் தவறாமல் எண்களை அனுப்பினான். பிறகு சஜீதா வந்து பார்த்தபோது ஐந்தாம் நம்பர் குழாயில் ஒரு கல் அடைத்துக் கிடந்தது. அதற்குள் நாடா போகவே போகாது. அந்தக் குழாயிலிருந்தும் ஐந்து மாதமாக எண்கள் வந்திருந்தன. அந்தக் கல்லை எடுக்கவைத்துவிட்டுச் சஜீதா களத்துக்கு வந்து, "வேற யாராச்சும் செய்வீங்களா?" என்று கேட்டாள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் வரிசையிலிருந்து புஷ்பம், "நான் செய்றேங்க மிஸ்," என்றாள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணக்கில் மட்டும் எப்போதும் எண்பதுக்கு மேல். அதைச் சொல்வதற்கு இருபத்தெட்டு வருடங்களில் ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை.

நான்காம், ஐந்தாம், ஆறாம் நம்பர் குழாய்கள் நின்றது சும்மா ஒரு நிலத்தில் அல்ல. அது புது வீடுகளுக்காகக் குறித்த காணி. கீழ் டிவிசனின் பழைய லயத்து வரிசை வீடுகளில் பின்சுவர் இரண்டாகப் பிளந்து, பிளவுக்குள் உரப்பையைச் சுருட்டித் திணித்துக்கொண்டு நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. மழை பலத்தால் எல்லாரும் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் என்று எழுத்தில் வந்துவிட்டது. ஒன்பதாம் நம்பர் மலையின் அடிவாரத்தில், ரோட்டோரமாக, பந்து விளையாடலாம் போலச் சமதரை. மரக்கட்டை அடித்து நம்பரும் போட்டாயிற்று. பதினேழாம் நம்பர் புஷ்பத்துக்கு. ஆறாம் நம்பர் குழாய்க்கும் அவளுடைய கட்டைக்கும் நடுவே எட்டு அடி தூரம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் புருசன் செல்லையாவும் அங்கே போய், அடுப்படி எந்தப் பக்கம், சன்னல் எந்தப் பக்கம் என்று காலால் கோடு போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்த வாரம் சஜீதாவிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்துப் பேசினாள்.

"அக்கா, நீங்க அனுப்பின ஆறாம் நம்பர் அளவு... எங்க பேராசிரியர் சேர் அத சிவப்பாக்கி வெச்சிருக்காரு. மழையில்லாம அவ்வளவு ஏறாதாம். வாசிச்சவங்களோட பிழையா இருக்கலாம், அந்தக் குழாயையே பட்டியல்ல இருந்து எடுத்துரலாம்னு சொல்றாரு."

"வாசிச்சது நாந்தாங்க மிஸ். பிழையா வாசிக்கல."

"எனக்குத் தெரியுது அக்கா. ஆனா முந்தி ஒருத்தர் செஞ்ச வேலையால, இங்கருந்து போற எந்த நம்பரையும் இப்ப நம்புறாங்க இல்ல."

பேச்சு முடிந்த பிறகும் புஷ்பம் போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கங்காணி நிறுவையைக் குறைத்துச் சொன்ன நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இது அப்படி இல்லை. மூன்று தடவை துடைத்துத் துடைத்து இறக்கியதை, தன் கண்ணால் பார்த்ததை, எங்கோ ஒரு கொம்பியூட்டரில் சிவப்பாக்கிவிட்டார்கள். அன்று முதல் காலையில் ஒரு தடவை, பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஒரு தடவை என்று இரண்டு நேரமும் அளந்தாள். ஒவ்வொரு தடவையும் நாடா குழாயின் வாயில் நிற்பதைச் செல்லையாவின் போனில் படம் பிடித்தாள்.

தோட்டத்தில் செய்தி பரவுவதற்கு ஒரு நாள் போதும். வீட்டுக் காணியில் தண்ணீர் ஏறுகிறதாம், புஷ்பம் எழுதிக் கொடுக்கிறாளாம், அதனால் வீடு நின்றுபோகுமாம். மலையில் கொழுந்து பறிக்கும்போது அவள் நிரையின் இருபுறமும் பேச்சு அடங்கியது. யாரோ அவளுக்குப் 'பைப்புக்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சாயங்காலம் தொழிற்சங்கத் தலைவர் தம்பையா வீட்டுக்கே வந்தார். பொல்லாதவர் இல்லை. அந்த வீட்டுத் திட்டத்துக்காக இரத்தினபுரிக்கும் கொழும்புக்கும் பஸ்ஸில் அலைந்தவர், பதினோரு வருடம் அலைந்தவர். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த பிளேன்டியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"புஷ்பம், நீ பிழையா எழுதுனன்னு நான் சொல்ல வரல. அவங்களே பிழைன்னு சொல்றாங்க. நீயும் ஆமா, நாடா சிக்கிக்கிட்டிருக்கும், சரியா பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிரு. கத முடிஞ்சிச்சு. அடுத்த மாசம் கல்லு வெச்சிருவாங்க. நாப்பத்திரெண்டு குடும்பம், பாத்துக்க."

அவர் கேட்டதில் கஷ்டமே இல்லை என்பதுதான் அவளை உறுத்தியது. பொய் எழுதக்கூடத் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும். சேருக்குச் சந்தோசம், தலைவருக்குச் சந்தோசம், மலையில் பெண்கள் மறுபடி பேசுவார்கள், பதினேழாம் நம்பரில் அடுப்படிக்குச் சன்னல் வரும். சுவரின் பிளவில் திணித்திருந்த உரப்பையைப் பார்த்தாள். போன ஒக்டோபரில் அந்தப் பிளவு வழியாக மண் கரைந்து வந்து பாயெல்லாம் சேறானது. தலைவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்காமலே வாயில் வந்தது.

"வீடு கட்டுறது நாம அதுக்குள்ள இருக்கத்தானுங்களே, தலைவரே."

தம்பையா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆறிப்போன பிளேன்டியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். செல்லையா அதுவரை வாசலில் நின்று கொண்டிருந்தான். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தட்டில் வேலை, பேச்சு குறைவு. "நீ பாத்தத எழுது," என்றான். "ஆனா ஒன்னுக்கு ரெண்டு தடவ பாத்துக்க. அவனுங்க நம்மகிட்ட ஒரு ஓட்டையும் காணக் கூடாது."

நவம்பரில் இன்னும் இரண்டு பெரிய மழை பெய்தது. இரண்டு தடவையும் அவள் கொப்பியோடு காத்திருந்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளும் குண்டு முந்நூறுக்குக் கீழே போய்த்தான் கத்தியது. நான்காம் நாள் காலையில் நூற்றைம்பத்தெட்டு. எட்டாம் நாள் மறுபடி இறங்கியது. இரண்டாவது மழையில் அவளுக்கே பயமாக இருந்தது. எங்கோ மேலே புறப்பட்ட தண்ணீர் யார் கண்ணுக்கும் படாமல் நான்கு நாள் நடந்து வந்து, அவள் வீடு கட்டப்போகும் இடத்துக்கு அடியில் வந்து நிற்கிறது. படங்களையும் எண்களையும் சஜீதாவுக்கு அனுப்பினாள். அன்று மாலையே போன் வந்தது.

"மூனு மழைக்கும் நாலாம் நாள்," என்றாள் சஜீதா. அவள் குரல் மாறியிருந்தது. "அக்கா, இது பிழை இல்ல. ஆனா சேர் கேப்பாரு, எங்கருந்து வருதுன்னு. நம்பர் மட்டும் வெச்சி அவர அசைக்க ஏலாது. எங்கயோ வழி இருக்கு. அந்த வழியக் காட்டணும். மலை முழுக்கக் குழாய் இறக்க எங்கிட்ட வசதி இல்ல."

வழி எங்கே என்று புஷ்பம் இரண்டு மாதம் தேடினாள். ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் கண் தரையிலேயே இருந்தது. தேயிலைச் செடிகளின் அடியில் காய்ந்த இலையும் கல்லும்தான் தெரிந்தன. பெப்ரவரி வந்தது. வெயில் அடித்து, குளிக்கும் பீலியில் தண்ணீர் விரல் கனமாக மெலிந்தது. பாதையெல்லாம் புழுதி. அந்த வறட்சியில் ஒருநாள் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த சின்னம்மா குனிந்து கெண்டைக்காலில் சுண்ணாம்பைத் தடவினாள்.

"சனியன் புடிச்ச அட்டை. ஊரே காஞ்சி கெடக்கு, இந்த எடத்துல மட்டும் எப்படித்தான் கெடக்குதோ."

புஷ்பத்தின் கை கூடைக்கும் செடிக்கும் நடுவே நின்றுவிட்டது. "எந்த எடத்துலக்கா?"

"இந்தா, இந்தச் செடிக்கும் அந்தச் செடிக்கும் நடுவுல. எப்பவும் இங்கனதான்."

"எப்பவும்னா?"

"நான் வயசுக்கு வந்து பேர் பதிஞ்ச நாள்லருந்து."

"யார்கிட்டயும் சொன்னதே இல்லயே நீங்க."

"அட்டை கடிச்சத யார்கிட்ட புள்ள போயி சொல்றது?"

புஷ்பம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, செடிகளுக்குள் குனிந்து மண்ணைத் தோண்டினாள். மேலே புழுதி. நான்கு விரல் ஆழத்தில் மண் குளிர்ந்திருந்தது. ஒரு சாண் ஆழத்தில் பிழிந்தால் கையில் ஒட்டியது. எழுந்து அடுத்த நிரைக்குப் போய்க் கேட்டாள். அங்கே பறித்த பெண் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு, "எனக்கு இங்க இல்ல, இன்னும் ரெண்டு செடி தள்ளி, கீழாக்க," என்றாள். அதற்கடுத்தவளுக்கு அட்டை இல்லை, ஆனால் ஓர் இடத்தில் கால் புதையும். இன்னொருத்தி, கோடை முழுதும் தன் நிரையில் ஒரே ஒரு செடி மட்டும் வாடாமல் கொழுந்து விடும் என்றாள். மலையில் பதினோரு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் தன் நிரையில் ஓர் இடம் தெரிந்திருந்தது. பக்கத்து நிரையில் எங்கே என்று ஒருத்திக்கும் தெரியாது. அவரவர் நிரையில் அவரவர் குனிந்து பறித்து, அவரவர் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். அவர்களை ஒன்றாக நிறுத்தி இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புஷ்பம் அவர்களிடம் விசயத்தைச் சொன்னாள். பழைய சேலையைக் கிழித்து, அந்தந்த இடத்துச் செடியில் ஒரு துண்டு கட்டுவோம், தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும் என்றாள். கலைச்செல்வி எழுந்துவிட்டாள். அவளுக்கு வீட்டுப் பட்டியலில் பதினெட்டாம் நம்பர். கைக்குழந்தையோடு பள்ளிக்கூடத் தரையில் படுத்த அனுபவம் மூன்று தடவை.

"நீ துணி கட்டுவ, அவங்க வந்து பாத்துட்டு காணி சரியில்லன்னு போயிருவாங்க. அப்புறம் எங்களுக்கு வீடு?"

"உனக்குப் பதினெட்டு, எனக்குப் பதினேழு," என்றாள் புஷ்பம். "தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சா, எங்க போகலன்னும் தெரிஞ்சிரும். நாத்து வளக்கிற தவறணைக்கு அந்தாண்ட கல் மேட்டுல மூனு பைப்பு இருக்குல்ல, ஒன்னு, ரெண்டு, மூனு. எவ்வளவு மழ பெஞ்சாலும் அந்த மூனும் ஒரு முழத்துக்கு மேல ஏறுனது இல்ல. என் கொப்பியில இருக்கு. எட்டு மாசக் கணக்கு. இங்க வேணாம், அங்க கட்டிக் குடுங்கன்னு கேப்போம். வெறுங்கையோட இல்ல, இதக் காட்டிக் கேப்போம்."

பெண்கள் சாப்பாட்டுப் பெட்டிகளை மூடினார்கள். கலைச்செல்வி திரும்பிக் கீழே தெரிந்த கல் மேட்டைப் பார்த்தாள். பிறகு, "எங்கிட்ட ஒரு செகப்புச் சேல கெடக்கு. கிழிஞ்சது. அது தூரத்துக்கும் தெரியும்," என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் முப்பத்தொரு செடியில் சிவப்புத் துண்டுகள் ஏறின. கங்காணி வந்து பார்த்து, "என்னா இது, தேயிலைக்கு நேர்ந்துக்கிட்டீங்களா?" என்றார். "ஆமாங்க, வீட்டுக்குத்தான் நேர்ந்திருக்கோம்," என்று சின்னம்மா சொல்ல, பல மாதங்களுக்குப் பிறகு அந்த மலையில் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தபோது துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தன. புஷ்பத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பின்னேரம் நிறுவை முடிந்ததும் எதிர்ப்பக்கத்து மலையில், பலாங்கொடை பஸ் திரும்பும் வளைவுக்கு நடந்து போனாள். பதினோரு பெண்களில் ஒன்பது பேர் கூடவே வந்தார்கள். வளைவில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மேலே காட்டோரத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு புறப்பட்டு, ஒன்பதாம் நம்பர் மலையின் நடுவே மெல்ல வளைந்து, ஒரு பாறையைச் சுற்றி, மறுபடி நேராகி, கீழே சமதரையில் ஆறாம் நம்பர் குழாய் நிற்கும் இடத்தில் போய் முட்டியது. யாரும் வரைந்ததுபோல இல்லை. ஓடை ஓடுவதுபோல இருந்தது. பஸ் ஒன்று வந்து, ஏறுகிறார்களா என்று வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. "அடியே," என்றாள் சின்னம்மா கடைசியில், சத்தமே இல்லாமல். "அது என் துண்டு. அந்தப் பாறைக்குப் பக்கத்துல. அது என்னோடது."

படத்தைச் சஜீதாவுக்கு அனுப்பியது ஐந்தேகாலுக்கு. ஐந்தரைக்குப் பதில் வந்தது: 'நாளைக்கே வாறோம். சேரும் வாறாரு.'

சேர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்டிப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. வளைவில் ஜீப்பை நிறுத்தி இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில், இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது யார், எந்த முறைப்படி என்று கேட்டார். சஜீதா வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பலாங்கொடைச் சந்தையில் பழகிய சிங்களம், தடங்கலில்லாமல் வந்தது. அட்டை காட்டியது, நாங்கள் கட்டினோம் என்றாள். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். எந்த மாதத்தில் அட்டை இருக்கும், எந்த ஆழத்தில் மண் குளிர்கிறது, வாடாத செடிகள் எத்தனை என்று அடுத்தடுத்துக் கேட்டார். கேள்வி பெண்களிடம் மாறி மாறிப் போயிற்று. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் வீட்டுக் காணிக்கு மேலே, கடைசிச் சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். நான்கு அடி வரை வெறும் செம்மண். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கலைய ஆரம்பித்தார்கள். தம்பையா மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஐந்தாவது அடியில் மண்வெட்டி டணார் என்றது. வெளியே வந்தது உருண்டைக் கல். ஆற்றுக்குள் கிடப்பதுபோல வழுவழுப்பான, முட்டை வடிவக் கல். ஒன்றல்ல, கூடை கூடையாக. தேயிலை மலைக்குள் அப்படிப்பட்ட கல் இருக்க வேண்டிய காரணமே இல்லை. ஆறரை அடியில், வறண்ட மார்ச் மாதத்தில், அந்தக் கற்களுக்கு நடுவிலிருந்து தெளிந்த தண்ணீர் பிதுங்கி வந்து வெட்டியவனின் கணுக்காலைச் சுற்றியது. அவன் பதறிப்போய் மேலே பார்த்தான். சேர் சப்பாத்தோடு குழிக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் வரை நனைந்து, கையால் கல்லைத் தடவிப் பார்த்து, ஒரு காலத்தில் இங்கே ஓடை ஓடியிருக்கிறது, தேயிலை நட்டவர்கள் அதை மண் போட்டு மூடியிருக்கலாம், ஓடை போகவில்லை, மூடிய இடத்திலேயே ஓடுகிறது என்றார். மேலே ஏறி வந்ததும் நேரே புஷ்பத்திடம் வந்தார். "ஆறாம் நம்பரைச் சிவப்பாக்கியது நான்தான்," என்றார் சிங்களத்தில். "நான் வந்து பார்த்திருக்க வேண்டும்." சுற்றி எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் அவருடைய நனைந்த காலைப் பார்த்தாள். "சப்பாத்த கழட்டிக் காய வைங்க சேர்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி தம்பையாவின் வேலை. வளைவில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, புஷ்பத்தின் கொப்பியின் நகலையும் சேர்த்துக் கட்டி, பழைய பழக்கப்படி பஸ் ஏறினார். காணி சரியில்லையென்றால் திட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும் என்று இரத்தினபுரியில் ஒருவர் சொன்னபோது, தள்ள வேண்டாம், மாற்று இடம் கையில் இருக்கிறது, அளவும் இருக்கிறது என்று கல் மேட்டின் மூன்று குழாய்களின் கணக்கை மேசையில் வைத்தாராம். யார் அளந்தது என்று கேட்டார்களாம். "எங்க பொம்பளைங்க," என்று சொன்னதாகத் தோட்டத்துக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அளவைக்காரர்கள் வந்து கல் மேட்டில் நாற்பத்திரண்டு கட்டை அடித்தார்கள். ரோட்டுக்குக் கொஞ்சம் தூரம், அஸ்திவாரம் வெட்டக் கல் உடைக்க வேண்டும். ஆனாலும் சித்திரை பிறப்பதற்கு முன் முதல் கல் வைத்தாகிவிட்டது. கலைச்செல்வி அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசினாள்.

சஜீதா ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி முடித்துக்கொண்டு ஒருநாள் மலைக்கே வந்தாள். உதவியவர்களுக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி போட்டால் போதும் என்று சிலர் சொன்னார்களாம். அவள் கேட்கவில்லை. சேரும் அவள் பக்கம் நின்றுவிட்டார். எழுதியவர்கள் பட்டியலில் புஷ்பத்தின் பெயரும் பதினோரு பெண்களின் பெயரும் வரவேண்டும், பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்று பேனையும் தாளுமாக உட்கார்ந்தாள். சின்னம்மாவின் முறை வந்தபோது அவள் தயங்கினாள். தோட்டத்துப் பதிவில்தான் சின்னம்மா, அடையாள அட்டையில் இராஜலெட்சுமி, அந்தப் பெயரால் தன்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை என்றாள். "அதையே எழுதுங்க மிஸ். ஒரு எடத்துலயாச்சும் இருக்கட்டும்." பெயருக்குப் பக்கத்தில் எந்த நிறுவனம் என்று எழுத ஓர் இடம் இருந்தது. சஜீதா பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "கீழ் டிவிசன், ஒன்பதாம் நம்பர் மலைன்னு போடுங்க," என்றாள் புஷ்பம். அப்படியேதான் வந்தது. ஏப்ரல் கடைசியில் இன்னும் இரண்டு தோட்டங்களில் குழாய் இறக்க முடிவானபோது, அளவெடுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களைத்தான் கேட்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கப் போவது புஷ்பம் என்றும் அதில் இருந்தது.

மூடிய ஓடையை மண்ணுக்குள் அப்படியே விட்டால், என்றைக்காவது மலையைத் தள்ளிக்கொண்டு வரும், பழைய லயத்தையும் சேர்த்து இழுக்கும் என்று சேர் சொன்னார். அதனால் குழியிலிருந்து பக்கவாட்டில் வாய்க்கால் போல ஒரு கான் வெட்டி, ரோட்டுக்கு அடியில் பாலத்துக்குள் விட்டு, அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறக்குவது என்று தீர்மானமாயிற்று. ஆண்கள் மூன்று வாரம் வெட்டினார்கள். வெசாக்குக்கு நான்கு நாள் முந்தி, மழை பெய்து நான்காம் நாளாகப் பார்த்து, திறந்துவிட எல்லாரும் கூடினார்கள். குழிக்கும் கானுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் தடுப்பு மட்டும் மிச்சம். தம்பையா மண்வெட்டியைச் சேரிடம் நீட்டினார். சேர் அதை வாங்கிப் புஷ்பத்திடம் கொடுத்தார். அவள் ஒரு வெட்டு வெட்டிவிட்டுச் சின்னம்மாவிடம் கொடுத்தாள். அப்படியே கைமாறிக் கைமாறிப் போய், கலைச்செல்வி வெட்டியபோது தடுப்பு உடைந்தது.

தண்ணீர் பாய்ந்து வரவில்லை. முதலில் கலங்கலாக, தயங்கித் தயங்கி, கானின் காய்ந்த தரையை நனைத்துக்கொண்டு ஒரு நாக்குப் போல முன்னால் வந்தது. அதன் நுனியில் சருகும் தேயிலைப் பூவும் நுரையும் சேர்ந்துகொண்டன. ஒரு பள்ளம் வந்தால் நின்று, நிரம்பி, மறுபடி நடந்தது. புஷ்பம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் சின்னம்மாவும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சஜீதாவும், மற்றப் பெண்களும் வந்தார்கள். ஒருவரும் அதை முந்தவில்லை. ரோட்டுப் பாலத்துக்குள் தண்ணீர் நுழைந்ததும், பெண்கள் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போய் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சருகுகள் முதலில் வெளியே வந்தன, அதற்குப் பின்னால் தெளிந்த தண்ணீர். வெயில் பட்டதும் அது ஒரு கணம் நின்றதுபோலிருந்தது. கீழே பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் மூங்கில், அதற்கும் கீழே எங்கோ ஆற்றின் சத்தம். வெட்டிய கான் அங்கே முடிந்துவிட்டது. தண்ணீர் ஒரு கல்லின் இடப்பக்கமாகத் திரும்பி, புல்லைச் சாய்த்துக்கொண்டு தானாகவே கீழே இறங்கத் தொடங்கியது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் இறங்கினார்கள்.